கட்டுக்கு நாற்பது ராத்தல்

இன்று காலை மண்டியில் ஒரு கட்டைப் பிரித்தார்கள். நனைந்த வாழை மட்டையும் பச்சை வெற்றிலையும் கலந்து ஒரு வாசம் வருமே, அது என் மேசை வரைக்கும் வந்தது. தட்டச்சு மெஷின் மேல் இருந்த என் இரண்டு கைகளும் அப்படியே நின்றுவிட்டன. மூன்று வருடமாக இந்த வாசம் அடித்தாலே எழுந்து பின்பக்கம் போய்விடுவேன். வெற்றிலை மண்டியில் வேலை பார்த்துக்கொண்டு வெற்றிலை வாசத்துக்குப் பயந்து ஓடுகிறவன் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான் இருப்பேன். இன்று ஓடவில்லை. மேசை இழுப்பறைக்குள் நீ கொடுத்தனுப்பிய காகிதம் இருக்கிறது.

நீ போய்ப் பதினாலு நாளாகிறது, மாப்ள. நாளை மறுநாள் உனக்குப் பதினாறாம் நாள். ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிறவன், நீ மலையில் கிடந்த மூன்று வருடத்தில் உனக்கு ஒரு கார்டு எழுதத் துப்பில்லாமல் இருந்துவிட்டு, இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். சிரிக்கிறாயா? சிரி. எனக்கு அதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும்.

நம் இரண்டு பேருக்கும் ஒரே வயது. நீ முல்லையாற்று வாய்க்காலோரம் வெற்றிலைக் கொடிக்கால் போட்டிருந்தாய். நான் சின்னமனூர் மண்டியில் குமாஸ்தா. இங்கிலீஷில் டைப் அடிக்கத் தெரிந்தவன் அந்தக் கடைவீதியில் நான் மட்டும்தான் என்கிற திமிர் எனக்குக் கொஞ்சமா நஞ்சமா? நீ இலை இறக்க வரும்போதெல்லாம் மெஷின் தட்டுகிற சத்தத்தைக் கேட்டு ஜன்னலில் தலையை நீட்டி, “என்ன மாப்ள, கொல்லம்பட்டறையில இன்னைக்கு எத்தன அருவா அடிச்ச?” என்பாய். “போடா, செருப்பில்லாதவனே” என்பேன் நான். கொடிக்காலுக்குள் செருப்போடு போகக் கூடாது என்று வரப்பிலேயே கழற்றிப் போடுகிற வழக்கம் உங்களுக்கு. நீ கழற்றியதை மறந்துவிட்டு மண்டிக்கும் வெறுங்காலோடு வந்து நிற்பாய்.

யுத்தம் முடிந்த மறுவருடம் ஐப்பசியில் அடித்த மழை உனக்கு நினைவிருக்கும். நம் இலை ரயிலேறித் தனுஷ்கோடி போய், அங்கிருந்து கப்பலில் இலங்கை போய்க்கொண்டிருந்தது. அந்த மழையில் வழியில் எங்கோ தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப்போய் ரயில் நின்றது. மறுபடி எப்போது ஓடும் என்று ஸ்டேஷனில் கேட்டால் கையை விரித்தார்கள். கொடிக்காலில் இலை பறிக்கிற பக்குவத்தில் நிற்கிறது. பறிக்காவிட்டால் முற்றிவிடும். பறித்தால் நாலு நாளைக்கு மேல் தாங்காது. குமுளிப் பக்கமிருந்து மலையாள வியாபாரிகள் லாரியோடு வந்து, அடிமாட்டு விலைக்குக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

அப்போதுதான் நீ மண்டிக்குள் ஓடி வந்தாய். மூச்சு வாங்கியது உனக்கு.

“மாப்ள, மதுரைக்குத் தெக்க யுத்தத்துக்குப் போட்ட மைதானம் இருக்குல்ல? அங்கன பிளேன் வாடகைக்கு வருதாம். பட்டாளத்துப் பிளேன ஒரு கம்பெனி வாங்கி ஓட்டுதாம். லாரி டிரைவர் சொன்னாரு. மத்தியானம் ஏத்துனா சாயங்காலம் கொழும்பு!”

“கிறுக்கா பிடிச்சிருக்கு? வெத்தல பிளேன்ல போகுமாடா?”

“ஏன், நாமளா ஏறப் போறோம்? வெத்தலதான. அதுக்குத் தல சுத்தாது.”

அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பில் மண்டி முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

பிளேன் கிடைப்பது பெரிய காரியம் இல்லை, அதைப் பறக்கவிட அனுமதி வாங்குவதுதான் பெரிய காரியம் என்பது மதுரையில் அந்தக் கம்பெனி ஏஜெண்டின் ஆபீஸ் வாசலை மிதித்த பிறகுதான் நமக்குத் தெரிந்தது. தினமும் போகிற பிளேன் என்றால் அதற்குத் தனிச் சட்டம். ஒரே ஒரு தடவைக்கென்று அமர்த்திக் கடல் தாண்டி அனுப்புவதற்கு இந்தக் கரை சர்க்கார் சரி என்று சொல்ல வேண்டும், அந்தக் கரை சர்க்கார் இறங்கிக்கொள் என்று சொல்ல வேண்டும். இலையில் பூச்சி இல்லை, நோய் இல்லை என்று விவசாய ஆபீசர் எழுதித் தர வேண்டும். சுங்கத்தில் ஒரு முத்திரை வேண்டும். ஒவ்வொரு பாரத்திலும் ஒரே கேள்வி: என்ன சரக்கு, யாருடையது, எத்தனை ராத்தல் எடை?

எத்தனை ராத்தல்! நம் ஊரில் வெற்றிலையை எண்ணுவோம், மாப்ள. நூறு இலை ஒரு கவுளி. கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே எண்ணிவிடுவாள் கொடிக்கால்காரி பேச்சியம்மா. ஆனால் நிறுத்துப் பார்த்தது யார்? மண்டியில் புளி நிறுக்கிற தராசில் ஒரு கட்டைத் தூக்கி வைத்தபோது மொக்கைச்சாமிப் பெரியவருக்கு முகமே சரியில்லை. கொடிக்கால்காரர்களுக்கெல்லாம் மூத்தவர், அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. “வெத்தலையத் தராசுல வச்சுப் பாத்தது நம்ம பக்கத்துல இல்லையேப்பா” என்று முணுமுணுத்தார்.

நீதான் நின்று நிறுக்கச் சொன்னாய். கட்டை நன்றாக நனைத்து, வாழை மட்டை சுற்றி, நார் போட்டுக் கட்டி, போகிற கோலத்திலேயே நிறுக்கச் சொன்னாய். அறுபது ராத்தல் வந்தது. சும்மா தெரிந்துகொள்ள, அதே இலையை மட்டையைக் கழற்றி ஈரத்தை உதறிவிட்டு நான் நிறுத்தேன். நாற்பது. தொண்ணூறு கட்டு போகிறது. ஐயாயிரத்து நானூறு ராத்தல் என்று டைப் அடித்தேன். கொடிக்கால்காரர்கள் பதினாலு பேர் சார்பில் விண்ணப்பதாரர் நீ. கோணல்மாணலாகத் தமிழில் கையெழுத்துப் போட்டாய். கார்பன் வைத்து அடித்த நகல் ஒன்றை மடித்து மடியில் செருகிக்கொண்டாய்.

மறுநாள் மதுரையில் நடந்ததைத்தான் உன்னைத் தவிர வேறு ஒருவரிடமும் நேற்றுவரை நான் வாய் திறந்து சொல்லவில்லை. அந்தச் சமயம் நீ ஆபீஸ் வராந்தாவில் சுவரில் ஒட்டியிருந்த பிளேன் படத்தை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாய். ஏஜெண்டின் குமாஸ்தா பாரத்தைப் பார்த்தார். நாலாயிரம் ராத்தலுக்கு மேல் என்றால் இங்கே முடியாது, பெரிய ஆபீசுக்குப் போய்த்தான் வர வேண்டும், பதினைந்து நாளாவது ஆகும் என்றார். பதினைந்து நாளில் இலை பழுத்துக் கொட்டிவிடும். எனக்கு மூளை வேலை செய்தது. சரக்கு என்றால் இலைதானே? மட்டையும் தண்ணீரும் சரக்கா? கட்டுக்கு நாற்பது. தொண்ணூறு கட்டுக்கு மூவாயிரத்து அறுநூறு. உன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. டைப் அடித்த எண்ணை மையால் அடித்துவிட்டு மேலே மூவாயிரத்து அறுநூறு என்று எழுதி, ஓரத்தில் என் சுருக்கொப்பம் போட்டேன். எல்லாப் பிரதியிலும் திருத்த வேண்டும் என்றார்கள். உன் மடியில் இருந்ததையும் வாங்கித் திருத்தித்தான் திருப்பிக் கொடுத்தேன். நீ என்னவென்று கேட்கவில்லை. நான் எழுதினால் சரியாக இருக்கும் என்று நம்புகிறவன் நீ.

பஸ்ஸில் திரும்பும்போது சொன்னேன், பெருமையாகத்தான் சொன்னேன். ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் ஏறும்போது நீ என் பக்கம் திரும்பினாய்.

“மாப்ள, எலைக்குத் தண்ணிதான உசுரு. உசுர விட்டுட்டு எட போட்டிருக்கியே” என்றாய்.

“யாரு நிறுக்கப் போறா? வெத்தலைய நம்ம ஊருல யாராச்சும் நிறுத்துப் பாத்திருக்காகளா?”

“நம்ம ஊருல இல்ல... திரும்பிப் போயி மாத்திருவமா?”

“மாத்துனா பதினஞ்சு நாளு. ஒன் எல காத்துக்கிட்டு இருக்குமா?”

நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்தாய். “சரி விடு. போட்டது போட்டாச்சு” என்றாய். ஆழம் தெரியாமல் காலை விட்டவன் நான். பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு உன்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனேன்.

எட்டாம் நாள் தந்தி வந்தது. இரண்டு கரையிலும் அனுமதி. மண்டி வாசலில் நீ என்னைத் தூக்கிச் சுற்றினாய். “பாத்தீகளா, எம் மாப்ள அடிச்ச அடியில ரெண்டு கவர்மெண்டும் எந்திரிச்சு நிக்குது!” என்று கடைவீதிக்கே கேட்கக் கத்தினாய். பிறகு வீடு வீடாகப் போனாய். மலையாள லாரிக்கு யாரும் இலை போட வேண்டாம், எல்லாம் பிளேனுக்கு என்றாய். பேச்சியம்மா தயங்கினாள். புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒற்றையாகக் கொடிக்கால் பார்க்கிறவள், பயம் இருக்காதா? “ஆத்தா, என் வார்த்தைய நம்பு. ஒன் எல ஆகாசத்துல போகும்” என்றாய். அவள் உன் வார்த்தையை நம்பித்தான் பறித்தாள். உன் வார்த்தைக்கு அடியில் என் எண் இருந்தது அவளுக்குத் தெரியாது.

லாரியில் நீயும் நானும் மொக்கைச்சாமியும் போனோம். உசிலம்பட்டியில் லாரியை நிறுத்தி, குடம் குடமாகத் தண்ணீர் சேந்தி கட்டுகளுக்குத் தெளித்தாய். பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி பார்த்துப் பார்த்து ஊற்றினாய். ஒவ்வொரு குடத்துக்கும் எத்தனை ராத்தல் ஏறும் என்று நான் கணக்குப் போட்டேன். போதும் மாப்ள என்று ஒரு தடவை சொன்னேன். நீ என்னைப் பார்த்தாய். எதற்குச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. “எல வாடிருமே” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த குடத்தை எடுத்தாய்.

மைதானத்தில் பிளேன் நின்றது. அதற்குப் பக்கத்திலேயே, இரும்புப் பலகை வைத்த ஒரு பெரிய தராசும் நின்றது. அங்கிருந்த ஆபீசர் கெட்டவர் இல்லை, மாப்ள. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இன்றைக்கு ஏச ஒரு ஆள் இருந்திருக்கும். ஒவ்வொரு கட்டாக ஏற்றச் சொன்னார். அறுபத்திரண்டு. அறுபத்துமூன்று. அறுபத்திரண்டு.

“பேப்பர்ல மூவாயிரத்து அறுநூறுதான் போட்டிருக்கு. இலங்கைக்காரன் பேப்பர்லயும் அதேதான். இதுக்கு மேல ஒரு ராத்தல் ஏத்துனா அங்க இறக்கவே விடமாட்டான். கூடுதல எடுத்துருங்க, மிச்சம் போகட்டும்” என்றார்.

முப்பத்திரண்டு கட்டை எடுக்க வேண்டும். நீ ஒரு நொடி யோசிக்கவில்லை. “என் எட்டுக் கட்டையும் மொதல்ல எறக்குங்க” என்றாய். இன்னும் இருபத்துநாலு. யாருடையதை எடுப்பது? ஒவ்வொரு கட்டிலும் அவரவர் அடையாளத்துக்குத் துணி கட்டியிருந்தது. பேச்சியம்மாவின் மஞ்சள் துணி எனக்கு நேராக இருந்தது.

“இரு” என்றார் மொக்கைச்சாமி. “எல்லாம் ஒரே வாய்க்கா தண்ணி குடிச்ச கொடி. இதுல யாருத ஏத்துறது, யாருதக் கழிக்கிறது? அப்பிடி ஒரு வழக்கம் நமக்குக் கெடையாது. போனா எல்லாம் போகட்டும். மட்டையப் பிரிச்சு, தண்ணிய ஒதறு.”

“மாமா, வெறும் எல தாங்காது மாமா.”

“ரெண்டு மணி நேரந்தானப்பா பிளேன்ல? தாங்கும்.”

ஏறு வெயிலில் அந்தச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து தொண்ணூறு கட்டையும் பிரித்தோம். ஈர மட்டை ஒரு பக்கம் குவிந்தது. இலையை உதறி உதறிச் சாக்கில் அடுக்கினோம். எல்லாவற்றையும் திருப்பி நிறுத்தார்கள். மூவாயிரத்து அறுநூறுக்குச் சற்று உள்ளே நின்றது முள். நான் எழுதிய எண் பிசகாமல் உண்மையாகிவிட்டது. ஆபீசர் கையெழுத்துப் போட்டார், பிளேன் ஏறியது. நீ அதைப் பார்க்கவே இல்லை. குவிந்து கிடந்த மட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

கொழும்பில் சுங்கத்தில் மறுநாள் காலைதான் சாக்கைப் பிரித்தார்களாம். இலை மொத்தமும் கருகிப் புழுங்கிப்போய் இருந்தது என்று தந்தி வந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. அந்தத் தந்தியைப் படித்துச் சொன்னவனும் நான்தான்.

வாய்க்கால் அம்மன் கோயிலில் கூட்டம் போட்டார்கள். மண்டி முதலாளி எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மொக்கைச்சாமி கேட்டார். “மட்டையப் பிரிக்கச் சொன்னது நான். அத நான் இல்லேன்னு சொல்லல. ஆனா நனைச்சு நிறுத்தப்ப அறுபதுன்னு நாங்க எல்லாரும் கண்ணாலதான பாத்தோம்? பேப்பர்ல எப்பிடிக் கொறஞ்சது? யாரு கொறச்சது?”

நான் எழுந்திருக்க வேண்டும். முழங்கால் வரைக்கும் எழுந்தும்விட்டேன், மாப்ள, சத்தியமாகச் சொல்கிறேன். முதலாளி திரும்பி என்னைப் பார்த்தார். வாயில் கொழுக்கட்டையை வைத்து அடைத்த மாதிரி உட்கார்ந்துவிட்டேன்.

நீ என் பக்கம் திரும்பவே இல்லை. “நான் சொன்ன எடதான் மாமா. கையெழுத்து என்னதுதான” என்றாய்.

“ஏலே, நீயாலே?” என்றார் பெரியவர். அவரால் நம்ப முடியவில்லை. பேச்சியம்மா ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி உன் காலடியில் எறிந்தாள். “ஒன் வார்த்தைய நம்புனேனே, எம்புள்ளைக வயித்துல மண்ணப் போட்டுட்டியே” என்று அழுதாள்.

அடிக்கவில்லை, வையவில்லை. கொடி இறக்கிக் கட்டுகிற வேலைக்கு உன்னை யாரும் கூப்பிடுவதில்லை, உன் கொடிக்காலுக்கு யாரும் வருவதில்லை என்று முடிவு செய்தார்கள். ஆள் சேராமல் கொடிக்கால் நிற்குமா? ஒற்றை ஆளாக நீயும் உன் பெண்டாட்டியும் போராடிப் பார்த்தீர்கள். தை பிறந்தபோது உன் இடத்தில் கொடி படர நட்ட அகத்தி மட்டும் மொட்டையாக நின்றது. ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை என்று மேகமலைக்கு ஏறிவிட்டாய்.

ஒரே ஒரு தடவைதான் அதற்குப் பிறகு உன்னைப் பார்த்தேன். சந்தைக்கு இறங்கி வந்து, மலைக்குப் போகிற லாரிக்காக நின்றுகொண்டிருந்தாய். காலில் செருப்பு இருந்தது. ஒதுங்கிப் போகலாம் என்று பார்த்தேன். நீ விடவில்லை. “என்ன மாப்ள, கொல்லம்பட்டற நல்லா நடக்குதா?” என்றாய். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “ஏன்டா ஏத்துக்கிட்ட? ஏன் என்னையக் காட்டிக் குடுக்கல?” என்று கேட்டேன். நீ மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: “எனக்குக் கொடிக்கா போனா மலை இருக்கு. ஒனக்கு அந்த மெஷின விட்டா என்ன மாப்ள இருக்கு?” லாரி வந்தது, ஏறிவிட்டாய். நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன். அதை நினைத்தால்தான் இப்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. மன்னிப்புக் கிடைத்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று தூங்கினேன்.

நேற்று தங்கச்சி மண்டிக்கு வந்தாள். உன் பெண்டாட்டியை எனக்கு அடையாளமே தெரியவில்லை, அவ்வளவு இளைத்திருந்தாள். குளிர்காய்ச்சலில் ஆறு நாள் கிடந்தாய் என்றாள். கஞ்சியைக்கூட விழுங்க முடியாதவன் ஐந்தாம் நாள் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னாயாம்.

“இத ஒங்க கையில குடுக்கச் சொன்னாக அண்ணே” என்று ஒரு மெழுகுத்துணிப் பொட்டலத்தை நீட்டினாள். “‘இது அவன் பேப்பரு, அவங்கிட்டயே சேத்துரு, வேற யாரு கையிலயும் சிக்கிறக் கூடாது’ன்னாக. எனக்குப் படிக்கத் தெரியாதுல்ல. என்னண்ணே இது?”

பிரித்தேன். அந்தக் கார்பன் நகல். அடித்த எண், மேலே என் கையெழுத்தில் மூவாயிரத்து அறுநூறு, ஓரத்தில் என் சுருக்கொப்பம். கூட்டத்தன்று உன் மடியிலேயே இருந்திருக்கும். எடுத்து நீட்டியிருந்தால் உன் கொடிக்கால் உனக்கு நின்றிருக்கும். மூன்று வருடம் தோட்டக் கூலிகளின் ஒழுகுகிற லயத்து வீட்டில் அதை நனையாமல் வைத்திருந்து, சாகப்போகும்போது எனக்கு ஆபத்து வரக்கூடாதென்று என்னிடமே சேர்த்திருக்கிறாய்.

சொல்லிவிட்டேன், மாப்ள. முதல் தடவையாக வேறொரு ஆளிடம் சொன்னேன். நின்ற நிலையிலேயே, குழறிக் குழறி, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். எடை போட்டவன் அவன் இல்லை, நான் என்றேன். காறித் துப்புவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். நீ அவளிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை என்பது அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

என் கையிலிருந்த காகிதத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு என்னைக் கேட்காமல், காகிதத்தைக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

“அப்ப மூணு வருசமா நான் அவுகள வஞ்சதெல்லாம்?”

நான் காகிதத்தை மடித்தேன்.

“ஒவ்வொரு மழைக்கும் வஞ்சேனே அண்ணே. ‘ஒழுங்கா எட சொல்லத் தெரியாத மனுசன நம்பி இந்தக் குளுருல வந்து கெடக்கேனே’ன்னு. காச்சல்ல கெடந்தப்பக்கூட வஞ்சேனே. சிரிச்சுக்கிட்டே கெடந்தாகளே.”

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

நாளை மறுநாள் உன் பதினாறுக்கு எல்லோரும் வருவார்கள். மொக்கைச்சாமி வருவார், பேச்சியம்மா வருவாள், என் முதலாளியும் வருவார். வெற்றிலைத் தட்டு சுற்றி வருவதற்கு முன்னால் எழுந்து நின்று இந்தக் காகிதத்தைப் படிப்பேன். இந்தத் தடவை உட்கார மாட்டேன். வேலை போகும், போகட்டும். மலையில் எனக்கும் ஒரு லயம் கிடைக்காமலா போகும்? அவர்கள் என்ன கேட்டாலும் சொல்ல என்னிடம் பதில் இருக்கிறது, மாப்ள. தங்கச்சி கேட்டதற்குத்தான் இல்லை. அதற்கு நீ ஒருத்தன்தான் பதில் சொல்லியிருக்க முடியும். பதினைந்து நாள் முந்தி நான் மலையேறி வந்திருந்தால், அவள் உன்னிடமே கேட்டிருப்பாள்.